நஞ்சா, சுமையா? ஐபிடிஜி சேர்த்தபின் பாக்டீரியா ஏன் தளர்ந்துவிடுகிறது

நாகர்கோவிலுக்கு அருகே ஒரு கல்லூரியில் உயிர்த்தொழில்நுட்பம் முதுகலை படிக்கும் மாணவி கேட்டிருக்கிறார். முட்டம் கடற்கரைப் பாறையில் எடுத்த நத்தையின் நொதி ஒன்று. 320 அமினோ அமிலம் நீளம், அதில் ஆறு, கந்தகம் உள்ள சிஸ்டீன். அதற்கான மரபணுவைப் பெட் வகைப் பிளாஸ்மிடில் (செல்லுக்குள் தனியே பெருகும் டிஎன்ஏ வளையம்) ஏற்றி, பிஎல்21 டிஇ3 என்ற ஈ.கோலி பாக்டீரியாவுக்குள் செலுத்தியிருக்கிறார். பிளாஸ்மிட் இல்லாத செல்லைக் கொல்லும் ஆம்பிசிலின் கலந்த ஊடகத்தில் 37 டிகிரியில் வளர்த்து, ஓடி (செல் பெருக்கத்தைக் காட்டும் கலங்கல் அளவு) 0.6 வந்ததும், உற்பத்தியைத் தொடங்கிவைக்கும் வேதிப்பொருளான ஐபிடிஜியை 1 மில்லிமோலார் அளவில் சேர்த்திருக்கிறார். ஒரு மணி நேரத்தில் வளர்ச்சி மந்தமாகி 1.1-இல் நின்றுவிட்டது. ஐபிடிஜி சேர்க்காத குடுவையோ 3-ஐத் தாண்டிப் போனது. புரதங்களைப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் தடித்த பட்டை தெரிகிறது, ஆனால் அத்தனையும் கரையாமல், செல்லை உடைத்துச் சுழற்றியபின் கீழே படியும் அடிவண்டலில். "இந்தப் புரதம் பாக்டீரியாவுக்கு நஞ்சு, வேறு மரபணுவைப் பார்" என்று துறையில் சொல்லிவிட்டார்களாம். அது சரிதானா என்பது கேள்வி.

அவசரப்பட்டு மரபணுவைக் கைவிடாதீர்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அது நஞ்சாக இருக்க வாய்ப்பு குறைவு. தடித்த பட்டையே அதற்குச் சாட்சி. உண்மையிலேயே செல்லைக் கொல்லும் புரதம் ஜெல்லில் கட்டைவிரல் கனத்தில் தெரியும் அளவுக்குச் சேராது. அதற்கு முன்பே செல் செத்திருக்கும், அல்லது பிளாஸ்மிடை உதறிவிட்ட செல்கள் குடுவையைப் பிடித்திருக்கும். உங்கள் பாக்டீரியா சொன்ன வேலையைச் செய்திருக்கிறது. செய்து முடித்துக் களைத்துக் கிடக்கிறது.

நஞ்சு வேறு, சுமை வேறு. ஆய்வுக்கூடங்களில் இந்த இரண்டையும் ஒரே சொல்லில் கட்டிவிடுவதால் எத்தனையோ நல்ல மரபணுக்கள் குப்பைக்குப் போகின்றன. நொதிக்கலன்களோடு நெடுங்காலம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இதே தவறைச் செய்து, மூன்று மாதத்தைத் தொலைத்தேன்.

எங்களுக்குக் குலசேகரம் பக்கம் கொஞ்சம் ரப்பர் உண்டு. விலை ஏறியிருந்த ஒரு பருவத்தில் சித்தப்பா ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டும் முறையைக் கைவிட்டு, தினமும் வெட்டச் சொன்னார். போதாக்குறைக்கு வெட்டுப் பட்டையில் எத்திஃபான் மருந்தை அடிக்கடி பூசவும் வைத்தார். முதலில் சிரட்டை நிரம்பி வழிந்தது. பிறகு பல மரங்களில் பட்டை காய்ந்து, கத்தி பட்டாலும் பால் வராமல் நின்றது. ரப்பர் பாலில் நஞ்சு எதுவும் இல்லை. பால் என்பது அந்தக் குழாய் செல்களின் சொந்தச் சரக்கு. வெட்டும்போதெல்லாம் ரப்பரோடு சேர்ந்து புரதமும் ஆர்.என்.ஏ.வும் வெளியேறுகின்றன. அடுத்த வெட்டுக்குள் மரம் அவற்றைத் திரும்பச் செய்து நிரப்ப வேண்டும். அந்த இடைவெளியை நாம் பறித்துக்கொண்டோம். உங்கள் குடுவையில் நடந்ததும் பெரும்பாலும் இந்த வகைதான். ஆனால் மரத்தோடு ஒப்பிட்டுவிட்டு நிறுத்தினால் போதாது. பாக்டீரியாவுக்குள் எந்தச் சரக்கு தீர்கிறது என்பது பல காலமாக ஆராயப்பட்ட விஷயம்.

பலரும் முதலில் சொல்லும் பதில், ஆற்றல் தீர்கிறது என்பது. அதில் உண்மை இருக்கிறது. ஒரு அமினோ அமிலத்தைச் சங்கிலியில் கோக்கக் குறைந்தது நான்கு உயராற்றல் பாஸ்பேட் பிணைப்புகள் செலவாகின்றன. ஆனால் நல்ல ஊடகத்தில், காற்றோட்டமாகக் குலுக்கப்படும் குடுவையில், முதலில் தட்டுப்பாடாவது ஆற்றல் அல்ல, புரதத்தைக் கோக்கும் இயந்திரமான ரைபோசோம் என்பதே என் கருத்து.

கணக்கைப் பாருங்கள். வேகமாக வளரும் ஈ.கோலி செல்லில் பல பத்தாயிரம் ரைபோசோம்கள் உண்டு. ஒவ்வொன்றும் 37 டிகிரியில் விநாடிக்கு 15 முதல் 20 அமினோ அமிலங்களைக் கோக்கும். உங்கள் நொதியின் ஒரு பிரதிக்கு ஏறக்குறைய 20 விநாடி. இதில் பயப்பட ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் ரைபோசோமின் புரதங்களைச் செய்வதும் ரைபோசோம்தான். ஒரு ரைபோசோமின் ஐம்பதுக்கும் மேற்பட்ட புரதங்களில் உள்ள அமினோ அமிலங்களை எண்ணினால் 7,000-ஐத் தாண்டும். ஒரு ரைபோசோம் தன்னைப் போல இன்னொன்றுக்குத் தேவையான புரதத்தைக் கோத்து முடிக்க 7 நிமிடம் போல ஆகும். அதே நேரத்தில் உங்கள் நொதியின் இருபதுக்கும் மேற்பட்ட பிரதிகளைச் செய்திருக்கலாம். ஐபிடிஜி சேர்த்த நொடியிலிருந்து, புதிய ரைபோசோமுக்குப் போக வேண்டிய உழைப்பு நத்தை நொதிக்குப் போகிறது. ரைபோசோம் குறைந்தால் அடுத்த சுற்றில் எல்லாப் புரதமும் குறையும், ரைபோசோம் உட்பட. விதைநெல்லைக் குத்திச் சமைக்கிற கதை இது. முதல் வேளை வயிறு நிறையும். இழப்பு அடுத்த பூவில்தான் தெரியும்.

இதை நேராகச் சோதித்தவர்கள் உண்டு. 1995-இல் ஸ்வீடனின் உப்சாலாவில் குர்லாந்து குழுவினர் ஈ.கோலியில் எந்த வேலையும் செய்யாத, வெட்டிச் சிதைத்த புரதங்களை அளவு மாற்றி மாற்றிச் செய்யவைத்தார்கள். அந்தப் புரதங்களால் தீங்கும் இல்லை, பயனும் இல்லை. ஆனாலும் அவை செல்லின் மொத்தப் புரதத்தில் 30 சதவீதம் அளவுக்கு வந்தபோது வளர்ச்சி நின்றுபோனது. புதிதாக ரைபோசோம் சேராததோடு, இருந்த ரைபோசோம்களும் அழிந்துகொண்டிருந்தன. 2010-இல் கலிபோர்னியாவின் சான் டியேகோவில் டெரன்ஸ் ஹுவா குழுவினர், பயனற்ற புரதத்தின் பங்கு கூடக் கூட வளர்ச்சி வேகம் நேர்கோட்டில் இறங்குவதைக் காட்டினார்கள். நச்சுத்தன்மை என்ற பேச்சே அதில் தேவைப்படவில்லை.

சரி, பாக்டீரியா இயல்பாகவும் ஏராளமான புரதம் செய்கிறதே, பெட் பிளாஸ்மிட் மட்டும் ஏன் இவ்வளவு முரட்டுத்தனம்? ஸ்டடியரும் மோஃபட்டும் 1986-இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்திலிருந்து வெளியிட்ட முறையை ஒட்டி வந்தது இது. பாக்டீரியாவைத் தாக்கும் டி7 என்ற வைரஸின் ஆர்.என்.ஏ. பாலிமரேஸை, அதாவது மரபணுவைப் படித்து ஆர்.என்.ஏ. எழுதும் நொதியை, ஈ.கோலியின் குரோமோசோமில் வைத்தார்கள். பிளாஸ்மிடில் உள்ள உங்கள் மரபணுவைப் படிப்பது அதுதான். அதற்குச் சாவி, பால் சர்க்கரையான லாக்டோஸ் வந்தால் திறக்கும் லாக்டோஸ் பொறி, ஐபிடிஜி அந்தச் சாவியைத் திருப்பும் கை. வைரஸ் தன் விருந்தோம்பியைப் பிழைக்கவைத்துக் குடும்பம் நடத்த வந்ததல்ல. சில நிமிடங்களில் எல்லாவற்றையும் தன் வேலைக்கு இழுத்துக்கொண்டு, செல்லை உடைத்துக்கொண்டு போகிற ஜாதி. அதன் பாலிமரேஸ் ஈ.கோலியின் சொந்தப் பாலிமரேஸைவிட ஐந்து மடங்கு போல வேகமாக ஓடும். இயல்பாக ஈ.கோலியில் ஆர்.என்.ஏ. எழுதப்படும்போதே முதல் ரைபோசோம் அதன் பின்னால் ஒட்டிக்கொண்டு, கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் வரும். டி7 முன்னால் பாய்ந்துவிடுவதால் ரைபோசோம் மூடாத வெற்று ஆர்.என்.ஏ. நீண்டு கிடக்கும். அதில் ஒரு பகுதி நொதிகளுக்கு இரையாகும். மிச்சம் வரிசையில் நின்று செல்லின் சொந்தச் செய்திகளோடு ரைபோசோமுக்கு மல்லுக்கட்டும். இந்தப் போட்டியில் வென்று மொத்தப் புரதத்தில் பாதியைத் தொட்ட மரபணுக்களும் உண்டு. மேலும், ஐபிடிஜியைச் செல் தின்று தீர்ப்பதில்லை. லாக்டோஸ் என்றால் தீர்ந்ததும் பொறி அணையும். இது அணையாது.

ஆக, பெட் முறையில் 1 மில்லிமோலார் ஐபிடிஜி என்பது முறிக்கக் கொடுத்துவிட்ட மரத்தில் கடைசி வருடம் வெட்டும் வெட்டு போன்றது. மரம் பிழைக்க வேண்டும் என்ற எண்ணம் அங்கே இல்லை. அது தவறும் அல்ல. பால்தானே நமக்கு வேண்டும்? ஆனால் வளைவு தட்டையாவதைப் பார்த்து நஞ்சு என்று முடிவுகட்டுவதுதான் தவறு.

இதை நீங்களே நான்கு தட்டுகளில் பார்க்கலாம். ஐபிடிஜி சேர்ப்பதற்குச் சற்று முன் குடுவையிலிருந்து கொஞ்சம் எடுத்து, நீர்க்கச் செய்து, ஒன்றும் சேர்க்காத தட்டு, ஆம்பிசிலின் தட்டு, ஐபிடிஜி தட்டு, இரண்டும் சேர்த்த தட்டு என்று பரப்புங்கள். நல்ல நிலையில் உள்ள வளர்ப்பில் முதல் இரண்டிலும் காலனிகள் ஏறக்குறைய சமமாக வரும். ஐபிடிஜி மட்டும் உள்ள தட்டில் நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவாகத்தான் வரும், அவையும் பிளாஸ்மிடைத் தொலைத்த செல்கள். இரண்டும் உள்ள தட்டில் பத்தாயிரத்துக்கு ஒன்றுகூடத் தேறாது. தேறினால் அது ஏதோ சடுதிமாற்றத்தால் உற்பத்தியை நிறுத்திக்கொண்ட செல். புரதம் சாதுவாக இருந்தாலும் இப்படித்தான். முழு வீச்சில் உற்பத்தியில் இறங்கிய செல் காலனி கட்டுவதில்லை.

ஐபிடிஜி தட்டிலும் காலனிகள் தாராளமாக வந்தால் உங்கள் சிக்கல் வேறு. உங்கள் குடுவையில் பிளாஸ்மிட் இல்லாத கூட்டம் பெருகியிருக்கிறது. ஆம்பிசிலின் இருக்கிறதே என்பீர்கள். பிளாஸ்மிட் உள்ள செல்கள் செய்யும் பீட்டா லாக்டமேஸ் வெளியே கசிந்து, ஊடகத்திலுள்ள ஆம்பிசிலினைச் சில மணி நேரத்தில் தின்றுவிடும். அதன்பிறகு சுமை இல்லாதவன் ஓட்டத்தில் ஜெயிப்பான். இரவு முழுக்க வளர்த்துக் கலங்கிப்போன வளர்ப்பை அப்படியே புதிய ஊடகத்தில் ஊற்றும் பழக்கம் பல இடங்களில் உண்டு. அந்த நொதியும் கூடவே வரும். செல்களைச் சுழற்றிப் பிரித்து, புதிய ஊடகத்தில் கரைத்து ஊற்றுங்கள். முடிந்தால் கனாமைசின் பிளாஸ்மிடுக்கு மாறுங்கள்.

இனி அடிவண்டல். சுமைக்கு அடுத்து உங்கள் செல் படுகிற பாடு மடிப்பில். கோக்கப்பட்ட சங்கிலி சரியான வடிவத்தில் மடிந்தால்தான் கரைந்து நிற்கும். மடியத் தவறியவற்றைப் பிடித்துச் சரிசெய்ய டிஎன்ஏகே, குரோஇஎல் போன்ற துணைப் புரதங்கள் உண்டு. இயல்பான நாளில் டிஎன்ஏகே இன்னொரு வேலையும் பார்க்கிறது: சிக்மா 32 என்ற கட்டளைப் புரதத்தைப் பிடித்துவைத்து அழிவுக்கு அனுப்புவது. அதனால் சிக்மா 32-இன் ஆயுள் ஒரு நிமிடம் போலத்தான். மடியாத நத்தைப் புரதம் பெருகும்போது டிஎன்ஏகே எல்லாம் அதன் பின்னால் ஓடுகிறது. சிக்மா 32 தப்பிக்கிறது. வெப்பத் தாக்குதல் வந்ததுபோல மணி அடிக்கிறது. மேலும் துணைப் புரதம், மேலும் சிதைக்கும் நொதி என்று செல் செய்யத் தொடங்கும். ஏற்கெனவே தட்டுப்பாடாக இருக்கும் ரைபோசோமின் தலையில் இந்த வேலையும் விழுகிறது. இதில் ஒரு வேடிக்கை: பிஎல்21 இனத்தில் லான் என்ற முக்கியமான சிதைப்பு நொதி கிடையாது. உங்கள் புரதம் சிதையாமல் கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த இனத்தை விரும்பி எடுக்கிறோம். தூய்மைப் பணியாளரை வேலையிலிருந்து எடுத்துவிட்டு வீடு குப்பையாகிறதே என்று வருந்தினால் எப்படி?

மிஞ்சிய புரதம் செல்லின் முனைகளில் கட்டியாகத் திரளும். நீங்கள் அடிவண்டலில் கண்டது இதுதான். இதை நான் விபத்தாகப் பார்ப்பதில்லை. ஒட்டும் தன்மையுள்ள, பாதி மடிந்த சங்கிலிகள் செல் முழுக்க அலைவதைவிட ஒரு மூலையில் கிடப்பது செல்லுக்கு நல்லது. இன்சுலின் வரலாற்றையே பாருங்கள். 1978-இல் ஈ.கோலியில் மனித இன்சுலின் செய்து காட்டினார்கள், 1982-இல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி கிடைத்தது. அந்த உற்பத்தியில் பாக்டீரியா செல்லுக்குள் பளபளவென்று கட்டிகள் நிற்கும் படங்கள் அதே ஆண்டு வெளியாயின. கட்டிகளைத் தனியே எடுத்து, யூரியா போன்றவற்றில் கரைத்து, மெல்ல மெல்ல மடியவைத்துத்தான் மருந்தாக்கினார்கள். கட்டிக்குள் கிடப்பதெல்லாம் செத்த புரதம் என்று ஒரு காலத்தில் நினைத்தோம். சில புரதங்களில் கட்டிக்குள்ளேயே ஒரு பங்கு சரியாக மடிந்து வேலை செய்துகொண்டிருப்பது பின்னாளில் தெரியவந்தது.

உங்கள் நொதியின் ஆறு சிஸ்டீன்கள் எனக்குச் சந்தேகம் தருகின்றன. நத்தையில் அவை ஜோடி ஜோடியாகக் கந்தகப் பிணைப்பில் இருக்கலாம். ஈ.கோலியின் உட்திரவம் அந்தப் பிணைப்பு நிலைக்க விடாத சூழல். பிணைப்பு போடும் டிஎஸ்பிஏ போன்ற நொதிகள் இரண்டு சவ்வுகளுக்கும் நடுவே உள்ள வெளியில்தான் இருக்கின்றன. இது உறுதியானால் புரதத்தை அந்த வெளிக்கு அனுப்ப வேண்டும், அல்லது ஷஃபிள் போல உட்திரவத்திலேயே பிணைப்பு போடும்படி மாற்றிய இனத்துக்குப் போக வேண்டும். ஒவ்வொரு அமினோ அமிலத்தையும் குறிக்கும் மூன்றெழுத்துக் கோடான்களையும் ஒருமுறை பாருங்கள். அர்ஜினினுக்கான ஏஜிஏ, ஏஜிஜி இரண்டும் ஈ.கோலியில் அரிது. அவை அடுத்தடுத்து வந்தால், அமினோ அமிலத்தைச் சுமந்து வரும் உரிய டிஆர்என்ஏ வராமல் ரைபோசோம் காத்துக் கிடக்கும். அமினோ அமிலம் ஏறாத டிஆர்என்ஏ ரைபோசோமில் வந்து உட்கார்ந்தால் பஞ்சம் வந்துவிட்டது என்று நினைத்து, ரைபோசோம் ஆர்.என்.ஏ. செய்வதையே செல் குறைத்துக்கொள்ளும். ஊடகத்தில் சோறு நிறையக் கிடக்க, செல் பட்டினி நோன்பு இருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த கதை 1996-இல் கேம்பிரிட்ஜில் நடந்தது. மிரூவும் ஜான் வாக்கரும் சவ்வுப் புரதங்களைப் பிஎல்21 டிஇ3-இல் செய்ய முயன்றார்கள். இந்த வாக்கர்தான் அடுத்த ஆண்டு வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றவர். ஐபிடிஜி சேர்த்ததும் செல்கள் செத்தன. மிச்சம் பிழைத்தவற்றைத் தூக்கி எறியாமல், அவற்றில் புரதம் செய்துகொண்டே பிழைத்தவை எவை என்று தேடினார்கள். அப்படிக் கிடைத்த சி41, சி43 இனங்கள் இன்றும் எங்கும் புழங்குகின்றன. அவற்றில் என்ன மாறியது என்பது 2008-இல்தான் தெளிவானது. டி7 பாலிமரேஸை இயக்கும் ஊக்கிப் பகுதியில் மாற்றம் வந்து, பாலிமரேஸின் அளவே குறைந்திருந்தது. யாரும் சொல்லித்தராமல் செல்லே கண்டுபிடித்த வழி: மெதுவாகச் செய். வேகத்தைக் குறைத்ததால் கடைசியில் கிடைத்த புரதம் கூடியது.

நஞ்சு என்பதே கிடையாது என்று நான் சொல்லவில்லை. சுமை எது, விளைபொருளின் சேட்டை எது என்று பிரிப்பது அறிஞர்களுக்கே எளிதாக இல்லை. ஈ.கோலியின் சொந்த லாக்டோஸ் புரதங்களைத் தேவையின்றிச் செய்தால் வளர்ச்சி சற்றுக் குறையும். அந்த இழப்பு செய்யும் வேலையால் வருகிறது, செய்த பொருளால் அல்ல என்று 2008-இல் ஒரு குழு எழுதியது. 2012-இல் இன்னொரு குழு, இல்லை, லாக்டோஸை உள்ளே இழுக்கும் வாயிற்புரதத்தின் செயல்பாடுதான் இழப்புக்குக் காரணம் என்று காட்டியது. அதனால் வாதாடுவதைவிடச் சோதிப்பது மேல். உங்கள் நொதியின் வினைமையத்தில் ஒரு அமினோ அமிலத்தை மாற்றிச் செயலிழக்கச் செய்த வடிவத்தைச் செய்துபாருங்கள். அதுவும் அதே அளவு பட்டை தந்து, அதே 1.1-இல் நின்றால் சுமை. செயலிழந்தது ஓடி, செயலுள்ளது மட்டும் நின்றால் உங்கள் துறையினர் சொன்னது சரி, நான் சொன்னது தவறு. வெற்றுப் பிளாஸ்மிட் ஏற்றிய செல்லுக்கும் ஐபிடிஜி கொடுத்து ஒரு வளைவு போட்டுவையுங்கள். அது இல்லாமல் எந்த முடிவையும் ஏற்க மாட்டேன்.

சடுதிமாற்றம் செய்ய நாளாகும். அதற்குள் செய்யக்கூடியது, ஐபிடிஜியை 0.1 மில்லிமோலாருக்கு இறக்கி, வெப்பநிலையையும் இறக்குவது. குளிரில் கோப்பதும் மெதுவாகும், தப்பாக மடிந்த சங்கிலிகள் ஒன்றோடொன்று ஒட்டுவதும் குறையும். புத்தகத்தில் 18 டிகிரி என்று இருக்கும். நம் ஊர்க் கல்லூரிகளில் இருக்கும் சாதாரண ஷேக்கர் இன்குபேட்டருக்குச் சூடாக்கத்தான் தெரியும், குளிர்விக்கத் தெரியாது. அறை 30 டிகிரியில் இருந்தால் பெட்டி எப்படி 18-க்குப் போகும்? குளிரூட்டும் வசதியுள்ள கருவி பக்கத்தில் எங்கும் இல்லையென்றால் ஏசி அறைக்குள் ஷேக்கரை நகர்த்தி, சூடாக்கியை அணைத்து, 24, 25 டிகிரியில் இரவு முழுக்க ஓட்டுங்கள். பெட்டிக்குள் ஐஸ் பொதி வைத்து ஓட்டுபவர்களையும் பார்த்திருக்கிறேன். அது உருகியபின் வெப்பநிலை ஏறி இறங்குவதால் எனக்கு ஒப்புதல் இல்லை. ஐபிடிஜி சேர்ப்பதற்கு அரைமணி நேரம் முன்பே குடுவையைக் குளிரவையுங்கள். 37-இல் சேர்த்துவிட்டுப் பிறகு குளிரவைத்தால் முதல் அரைமணியிலேயே கட்டி திரண்டுவிடும்.

ஊடகத்தில் 0.5 சதவீதம் குளுக்கோஸ் சேர்த்தால் ஐபிடிஜிக்கு முன்பே கசியும் உற்பத்தி அடங்கும். அதிகம் போட்டால் அசிடேட் சேர்ந்து வேறு தொல்லை. குடுவையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள், காற்று வேண்டும். ஜெல் ஓட்டும்போது மேல்நீரையும் அடிவண்டலையும் ஒரே கன அளவுக்குக் கரைத்து, பக்கத்துப் பக்கத்துக் குழிகளில் ஏற்றுங்கள். மழைக்காலமாக இருந்தால் முதலில் ஷேக்கர் இணைந்திருக்கும் பிளக் ஜெனரேட்டர் வரிசையில் இருக்கிறதா என்று பாருங்கள். இரவு இரண்டு மணிக்கு மின்சாரம் போய், அசையாத குடுவையின் அடியில் மூச்சுத் திணறிய செல்களை நஞ்சு என்று நினைத்துத்தான் நான் அந்த மூன்று மாதத்தைத் தொலைத்தேன்.